கொப்பி அடித்துப் பிழைக்கும் பற்றீரியா: 20 எழுத்துக் கீற்றில் செய்து காட்டும் முறை

வெள்ளை பிறிஸ்டல் போர்ட் மூன்று வாங்கிக் கொள்ளுங்கள். கணக்குப்படி இரண்டு போதும். மூன்றாவது ஏன் என்று பிறகு சொல்கிறேன். சிவப்பிலும் நீலத்திலும் மார்க்கர் ஒவ்வொன்று, ஒரு கத்தரிக்கோல், ஒரு அடிமட்டம், ஒன்றுக்குள் ஒன்று போகிற அளவில் இரண்டு பழைய கடித உறைகள். செலோடேப் வேண்டாம். ஹட்டனிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் ஏறி வரும் இடத்தில் நான் படிப்பிக்கிறேன். பகல் ஒரு மணி தாண்டினால் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து மேசையில் உட்கார்ந்துவிடும். அந்த ஈரத்தில் செலோடேப் ஒட்டுவதும் ஒன்று, ஒட்டாததும் ஒன்று. முதல் வருடம் நான் பட்ட பாடு போதும். வீட்டில் கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி ஜேம் போத்தலில் எடுத்துப் போங்கள்.

இது உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்காக நான் செய்துவரும் பாடம். டிஎன்ஏ திருத்தம் ஒரு நாள், மீளச்சேர்தல், அதாவது இன்னொன்றின் டிஎன்ஏத் துண்டு வந்து சேர்வது, இன்னொரு நாள் என்று தனித்தனியாகச் சொல்லித்தான் நானும் பழகியிருந்தேன். பிள்ளைகளும் இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கித் தனித்தனியாக மறந்தார்கள். இரண்டும் ஒரே கை செய்யும் வேலை என்பதைக் காட்ட, வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைப் போல வசதியானது வேறு இல்லை.

அதைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். வெறும் வயிற்றில் சாயத் தண்ணியோடு மலைக்கு ஏறி, பத்து மணிக்கு ரொட்டி. வயிற்றெரிச்சல் என்றால் "கேஸ்ட்ரிக்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கடைசியில் சோதித்துப் பார்த்ததில் இந்தக் கிருமி இருந்தது. 14 நாள் மருந்து கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்புத் துண்டைச் சப்பியது போல இருக்கிறது என்று ஆறாம் நாள் மாத்திரைகளை ஓரமாக வைத்துவிட்டார். சில மாதத்தில் நோவு திரும்ப வந்தது, டொக்டர் மருந்தை மாற்றி எழுதினார். "ஒரே மருந்தைத் திரும்பத் தந்தால் என்ன?" என்று அம்மா என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கீற்றுகள் உருவாயின.

பாடத்தைத் தேயிலை மலையில் தொடங்குங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதற்குப் பதவுரை தேவையில்லை. வீ.பி. மலையில் நின்று பார்த்தால் எல்லாச் செடியும் ஒரே இலை, ஒரே பச்சை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டிஆர்ஐ 2025 ரகம் போன்ற ஒரு தாய்ச் செடியின் கிளைத் துண்டுகளிலிருந்து வந்தவை அவை. பழைய விதைத் தேயிலை மலையிலோ இரண்டு செடி ஒன்று போல இராது. பற்றீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவது, எனவே அது வீ.பி. மலை போல இருக்க வேண்டும். காசநோய்க் கிருமி பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் உறவில்லாத இரண்டு பேரின் வயிற்றிலிருந்து பைலோரியை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் விதை மலைதான் தெரியும். பிளந்து பெருகுகிற ஒன்று எப்படி விதை மலை ஆனது? இந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். பாடம் முடியும் வரை அழிக்க வேண்டாம்.

இனிக் கீற்று. 20 அங்குல நீளம், 2 அங்குல அகலம். நடுவால் ஒரு கோடு, அங்குலத்துக்கு ஒரு கட்டம். மேல் வரிசையில் சிவப்பு மார்க்கரால் இப்படி எழுதுங்கள்: அ, தை, கு, கு, சை, அ, தை, தை, சை, கு, அ, சை, கு, தை, அ, கு, சை, சை, தை, அ. அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்பதன் முதலெழுத்துகள்தான். கீழ் வரிசையில் சோடி எழுத்துகள்: அ-வுக்குத் தை, கு-வுக்குச் சை. ஒவ்வொரு வரிசையும் டிஎன்ஏயின் ஒரு இழை. இன்னொரு கீற்றை நீலத்தால் எழுதுங்கள். அதே எழுத்துகள்தான், மூன்று இடங்களைத் தவிர: 6ஆம் இடத்திலும் 11ஆம் இடத்திலும் அ-வுக்குப் பதில் கு, 17ஆம் இடத்தில் சை-க்குப் பதில் தை. அந்த மூன்று இடத்திலும் கீழ்ச் சோடியையும் மாற்ற மறக்காதீர்கள். 20க்கு 3 என்பது மிகை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உண்மையில் இரண்டு பைலோரிகளின் பொதுவான பரம்பரையலகுகளில் நூற்றுக்குச் சில எழுத்துகள்தான் வேறுபடும். பைலோரியின் முழு டிஎன்ஏ நூலும் ஏறக்குறைய 16 இலட்சத்து 70 ஆயிரம் எழுத்துச் சோடி. 1997இல் முதன்முறை முழுதாக வாசித்தார்கள். நம் கீற்று அளவுக்கு அதை எழுதினால் 42 கிலோமீற்றர் வரும். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போய்ச் சேர்ந்த பிறகும் கீற்று மிச்சமிருக்கும்.

எனக்கு அந்த வகுப்பில் 14 பேர். ஐந்து பேர் சிவப்பு வரிசை, ஐந்து பேர் நீல வரிசை. மிச்சம் நான்கு பேரில் இருவர் திருத்துநர், ஒருத்தி நேரம் பார்ப்பவள், ஒருவன் கத்தரிக்கோல்காரன். கத்தரிக்கோலை வகுப்பில் ஆகக் குழப்படிக்காரனிடம் கொடுங்கள். அவனை வேறு எதற்காகவும் அமைதியாக உட்கார வைக்க முடியாது.

முதல் சுற்று வெறும் பிரதி எடுத்தல். முதல் பிள்ளையின் கீற்றைப் பார்த்து இரண்டாம் பிள்ளை எழுத வேண்டும், அதைப் பார்த்து மூன்றாம் பிள்ளை. ஆளுக்கு 40 செக்கன். அதற்கு மேல் கொடுத்தால் பிழை வராது, பாடமும் வராது. சிவப்பு வரிசையில் ஒவ்வொரு பிரதியையும் திருத்துநர் பார்க்கட்டும், நீல வரிசையை யாரும் பார்க்க வேண்டாம். ஐந்தாவது கீற்றுகளை முதல் கீற்றுகளோடு வைத்து எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் சிவப்பில் ஒன்றும் இல்லை, நீலத்தில் நான்கு பிழை.

இங்கேதான் மூன்றாவது பிறிஸ்டல் போர்ட். முதல் தடவை செய்தபோது பாடம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திருத்துநர் பிள்ளை எழுந்து, "டீச்சர், உங்க கீத்துலயே பிழை" என்றாள். 13ஆம் இடத்தில் மேலே கு, கீழே தை. இரவு மின்சாரம் போன நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதியது. சரி, எது பிழை, மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று நான் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. முடிவு வரவில்லை, வரவும் முடியாது. எது பழைய எழுத்து, எது புதிய எழுத்து என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

அந்தச் சண்டையை நடக்க விடுங்கள். நான் இப்போது வேண்டுமென்றே ஒரு பிழைக் கீற்று எழுதிக்கொண்டு போகிறேன். மூன்றாவது போர்ட் அதற்குத்தான். சண்டை அடங்கியதும் குடலில் வாழும் ஈ. கோலை பற்றீரியா இதை எப்படித் தீர்க்கிறது என்று சொல்லலாம். கு-அ-தை-சை என்று வரும் இடங்களில் பழைய இழைக்கு மெதைல் என்ற இரசாயன அடையாளம் இருக்கும். புதிதாக எழுதிய இழைக்கு அந்த அடையாளம் விழக் கொஞ்சம் நேரமாகும். பொருந்தாத சோடியால் உண்டாகும் கோணலை மியூட்-எஸ் என்ற புரதம் தடவிக் கண்டுபிடிக்கும், மியூட்-எல் வந்து சேரும், மியூட்-எச் அடையாளமில்லாத இழையை வெட்டும். அந்தத் துண்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். பைலோரியிடம் இந்தக் கோஷ்டியே இல்லை. மியூட்-எஸ்2 என்று பெயரில் உறவுள்ள ஒன்று இருக்கிறது, ஆனால் அது இந்த வேலையைச் செய்வதில்லை. அதன் வேலைகளில் ஒன்று மீளச்சேர்தலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது. ஆக, நீல வரிசைக்குத் திருத்துநர் இல்லாதது விளையாட்டுக்காக அல்ல. இந்தக் கிருமி வாழ்வதே அப்படித்தான்.

அதற்காகப் பைலோரி எதையுமே திருத்தாது என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது. ஒரு இழையில் மட்டும் பழுது என்றால் அது பார்த்துக்கொள்ளும். மேல் வரிசையில் ஒரு எழுத்தின் மேல் மையைக் கொட்டுங்கள். யூவிஆர்-ஏ, பி, சி என்ற மூன்று புரதங்கள் பழுதைத் தேடி, இரு பக்கமும் வெட்டும். துண்டைக் கழற்றி, கீழ் வரிசையைப் பார்த்து நிரப்பி ஒட்டிவிடலாம். எதிர் இழை முழுதாக இருப்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது கத்தரிக்கோல்காரனைக் கூப்பிடுங்கள். அவன்தான் வயிற்றின் கோபம். கிருமி குடியேறியதும் வெண்குருதிக் கலங்கள் திரண்டு வந்து தாக்கம் கூடிய ஒட்சிசன் வகைகளைக் கொட்டும். அமிலத்தையாவது யூரியேஸ் நொதியத்தால் யூரியாவை அமோனியா ஆக்கிச் சமாளித்துக் கொள்ளும், இதற்குத் தப்ப வழி குறைவு. டிஎன்ஏயில் எழுத்துகள் பழுதாகும், சில வேளை இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்து போகும். சிவப்புக் கீற்றில் 11ஆம் கட்டத்தை மேலும் கீழுமாக முழுதாக வெட்டி எறியச் சொல்லுங்கள். வெட்டிய துண்டைக் குப்பைக் கூடையில் போட வேண்டும். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பிறகு எடுத்துத் தருவார்கள், கவனம்.

கையில் இரண்டு துண்டு. நடுவில் என்ன எழுத்து இருந்தது? பார்த்து எழுத எதிர் இழையும் இல்லை. யாராவது "அ" என்பார்கள், ஞாபகத்தில். பற்றீரியாவுக்கு ஞாபகம் கிடையாது என்று சொல்லுங்கள்.

அடுத்ததை மெதுவாகச் செய்யுங்கள், இதுதான் பாடத்தின் நடு. இடது துண்டில் கீழ் வரிசையின் கடைசி மூன்று கட்டங்களை வெட்டுங்கள்: 8, 9, 10. வலது துண்டில் மேல் வரிசையின் முதல் மூன்று: 12, 13, 14. இரு முனையும் படிக்கட்டு போல ஆகும். ஆட்-ஏபி என்ற நொதியம் அறுந்த முனையைக் கொறித்து, ஒற்றை இழையைத் தொங்கவிடுவது இப்படித்தான். பிள்ளைகள் "இருக்கிறதையும் வெட்டுறோமே" என்று பதறுவார்கள். பதறட்டும். தொங்கும் அந்த ஒற்றை இழையின் மேல் ரெக்-ஏ புரதம் வரிசையாகச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டு, தன்னைப் போலவே எழுத்துள்ள இன்னொரு டிஎன்ஏயைத் தேடும்.

இடது துண்டின் தொங்கலில் இருப்பது தை, சை, கு. இதை இன்னொரு முழுச் சிவப்புக் கீற்றின் மேல் வைத்து, அதன் கீழ் வரிசைக்குச் சோடி பொருந்தும் வரை நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தும், நான் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துகளை அடுக்கியிருக்கிறேன். உண்மையில் மூன்றெழுத்து போதாது, இன்னும் நீளமான பொருத்தம் வேண்டும். பொருந்தியதும் 11ஆம் கட்டத்தை எட்டிப் பார்த்து எழுதலாம். வெட்டிய கட்டங்களையும் நிரப்பி, வலது துண்டையும் பொருத்தி, கூழால் ஒட்டுங்கள். ரூவ்-ஏபி என்ற புரதங்கள் இரண்டு டிஎன்ஏயும் பின்னிய சந்தியை நகர்த்தும், ரூவ்-சி சிக்கலை வெட்டிப் பிரிக்கும், அவ்வளவுதான். அ திரும்ப வந்துவிட்டது. பிரிவதற்கு முன் பக்கத்தில் இருந்த தன் சொந்தப் பிரதியைப் பார்த்து எழுதியதால் ஒரு மாற்றமும் இல்லை. இது திருத்தம்.

கத்தரிக்கோல்காரன் இன்னொரு சிவப்புக் கீற்றில் அதே 11ஐ வெட்டட்டும். இந்தத் தடவை சொந்தப் பிரதி கிடையாது, நீலக் கீற்றுத்தான் இருக்கிறது. முதல் சுற்றின் அசல் நீலக் கீற்றைக் கொடுங்கள், பிழை விழுந்த பிரதி வேண்டாம். தை-சை-கு அங்கேயும் அதே இடத்தில் பொருந்தும், நீலத்தில் அந்த எழுத்துகள் மாறவில்லையே. எட்டிப் பார்த்தால் 11இல் கு. எழுதி ஒட்டினால், சிவப்புக் கீற்றின் நடுவில் ஒரு நீல எழுத்து. கை அசைவு ஒன்றும் மாறவில்லை, பார்த்து எழுதிய கொப்பி மட்டும் வேறு. இது மீளச்சேர்தல்.

போன வருடம் பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், அப்ப இது பக்கத்துல இருக்கிறவன பாத்துக் கொப்பி அடிக்கிறதுதானே?" அதுவேதான். அவனும் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து வரும் என்பது உட்பட.

நீலத் துண்டு உள்ளே எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இதற்குத்தான் கடித உறைகள். உறைக்குள் உறை, வெளி மென்சவ்வும் உள் மென்சவ்வும். இரண்டிலும் ஒரு சிறு கீறல். வெளி உறையின் கீறலுக்குக் கொம்-பி என்று பெயர் எழுதுங்கள், அது இரட்டை இழையை அப்படியே உள்ளே இழுக்கும். உள் உறையின் கீறல் கொம்-ஈசி, அதன் வழியாக ஒற்றை இழைதான் போகும். ஆகவே நீலக் கீற்றை நடுக்கோட்டால் நீளவாக்கில் கிழித்து, ஒரு பாதியை மட்டும் உள்ளே தள்ள வேண்டும். பிள்ளைகள் இந்த இடத்தில் மிகவும் உற்சாகமாகக் கிழிப்பார்கள், மேலதிக நீலக் கீற்று ஒன்று வைத்திருப்பது நல்லது. உள்ளே வந்த ஒற்றை இழையை ரெக்-ஏ பிடித்து, பொருத்தமான இடத்தில் சேர்க்கும். செத்த பற்றீரியாவின் சரக்கை உயிருள்ளது எடுத்துக்கொள்வதை 1928இல் கிரிபித் எலிகளை வைத்துக் காட்டிய கதையை ஏற்கனவே சொல்லியிருப்பீர்கள். இங்கே அதை நினைவூட்டினால் போதும். சில பற்றீரியாக்கள் தன் இனத்துக் குறியீட்டு எழுத்துகள் இருந்தால்தான் டிஎன்ஏயை இழுக்கும். பைலோரி அப்படிப் பார்ப்பதில்லை. உள்ளே வந்ததை வெட்டிப் போடும் காவல் நொதியங்கள் அதனிடம் நிறைய உண்டு என்பது வேறு கதை.

எனக்கு ஆகப் பிடித்த பகுதி இனித்தான். டிஎன்ஏ பழுதானால் ஈ. கோலை ஒரு அபாயச் சங்கு ஊதும். லெக்ஸ்-ஏ என்ற பூட்டு உடைந்து, திருத்தும் பரம்பரையலகுகள் வரிசையாக விழிக்கும். பைலோரியிடம் அந்தப் பூட்டே இல்லை. பிறகு என்ன செய்கிறது? 2010இல் சியாட்டில் ஆய்வாளர்கள் சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து அதன் டிஎன்ஏயைப் பழுதாக்கிப் பார்த்தார்கள். டிஎன்ஏயை உள்ளே இழுக்கும் பொறியின் பரம்பரையலகுகள் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கின. கூடவே, அயல் கலங்களை உடைக்கும் லைசோசைம் போன்ற ஒரு நொதியமும் கூடியது. அதாவது தன் கொப்பி கிழிந்தால் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துக் கொப்பி எடுக்கப் போகிறது. லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்ன சமைக்கிறார்கள் என்று தெரிந்தே வளர்ந்தவர்கள்.

நேரம் மிஞ்சினால், இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டிய டொக்டர் மார்ஷல் கதை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் பேர்த் நகர ஆய்வுகூடத்தில் தட்டுகளை வழக்கத்தை விடக் கூடுதல் நாள் விட்டுவிட, அப்போதுதான் இந்தக் கிருமி முளைத்தது. 1984இல் அவர் அதைக் கலக்கித் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் கொண்டார். 2005இல் அவருக்கும் கூட ஆய்வு செய்த வாரனுக்கும் நோபல் பரிசு. கதை எப்போதும் எடுபடும், ஆனால் முதலில் சொன்னால் கீற்றை யாரும் தொட மாட்டார்கள்.

அந்த 11ஆம் எழுத்துக்கு வாருங்கள். அ போய்க் கு வருவதை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பைலோரிக்கு அடிக்கடி எழுதித் தரும் கிளாரித்ரோமைசின், கிருமியின் புரதத் தொழிற்சாலையான றைபோசோமில் போய் ஒட்டும். அந்த றைபோசோம் ஆர்என்ஏயில் 2143ஆம் இடத்தில் ஒரு அ, கு ஆகிவிட்டால் மருந்து சரியாக ஒட்டாது. ஒரே ஒரு எழுத்து. அந்த ஆர்என்ஏயை எழுதும் பரம்பரையலகு ஈ. கோலையில் 7 பிரதி இருக்கும், பைலோரியில் இருப்பது 2தான், ஆகவே மாறுவதும் சுலபம். இந்த மாற்றம் பெரும்பாலும் முதல் சுற்றில் பார்த்தது போலப் பிரதிப் பிழையாகத்தான் பிறக்கிறது. பிறந்ததை அயலிலுள்ளவை வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. பாதி மருந்தில் நிறுத்தினால் அ உள்ளவை பெரும்பாலும் செத்து, கு உள்ளவை மிஞ்சலாம். அப்புறம் அதே மருந்தைத் திரும்பக் கொடுத்து என்ன பயன்? அம்மாவின் வயிற்றில் நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், யாரும் எழுத்தெண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் டொக்டர் மருந்தை மாற்றியதன் நியாயம் இதில் இருக்கிறது என்று கீற்றை வைத்துக் காட்டினேன். அம்மா நீல எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் துண்டுக்கா இவ்வளவு பாடு" என்றார். இரண்டாம் முறை 14 நாளும் போட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடத்துக்குப் பிறகு வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றில் பைலோரி இருப்பதாகத் தோன்றும். எல்லா நெஞ்செரிவும் இதனால் அல்ல, நோவு மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்கும், சோதித்துத்தான் சொல்ல முடியும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் பெற்றார் வந்து நிற்பார்கள்.

மூலையில் எழுதிய கேள்விக்கு இப்போது யாரையாவது எழுப்பிப் பதில் கேட்கலாம். நான் வாயால் கேட்பதில்லை. ஒட்டிய கீற்றுகளை மேசையில் பரப்பி, இவற்றில் எது சிவப்பு வரிசைப் பிள்ளை, எது நீல வரிசைப் பிள்ளை என்று பிரித்து வைக்கச் சொல்வேன். பிரிக்கத் தொடங்கி, நடுவில் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

கீற்றுகளை வீசிவிட வேண்டாம். கூழ் காயும் வரை ஜன்னல் ஓரத்தில் வைத்து, பிறகு பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரி மேல் தட்டில் போடுங்கள், கூழின் மணத்துக்கு எலி வரும். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு முதல் கீற்றாகக் கலப்புக் கீற்று ஒன்றைக் கொடுக்கலாம். என்னிடம் இருக்கும் ஒன்று இப்போது மூன்று வகுப்பைக் கண்டுவிட்டது. அதில் சிவப்பு ஒன்பது எழுத்துதான் மிச்சம்.